கோழிக்கூண்டுல ஒரு ஸ்டூடியோ

கேமரா வாங்கின நம்மாளுங்க ஆல்பத்தைத் திறந்தா பூ, பூனை, சூரிய அஸ்தமனம்தான் வரிசையா இருக்கும். மனுஷ முகம் தேடினாலும் கிடைக்காது. நானும் அதே ஜாதிதான். தெருவுல போறவர்கிட்ட "ஒரு போட்டோ எடுத்துக்கவா?"ன்னு கேட்க வாய் வராது. வீட்டுல அம்மாவை எடுக்கப் போனா "இந்தப் புடவையோடவா?"ன்னு ஓட்டம்.

இந்தக் கூச்சம் உள்ளவங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியவர் ஜூலியா மார்கரெட் கேமரன். (பேரிலேயே கேமரா இருக்கு பாருங்க :-))

1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். முதல் கேமரா கைக்கு வந்தது 1863 டிசம்பரில், 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டு ஸ்டூடியோ ஆச்சு, கரி அறை இருட்டறை ஆச்சு.

அந்தக் காலத்து வெட் கொலோடியன் முறை லேசுப்பட்டதில்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காயறதுக்குள்ள எடுத்துக் கழுவணும். எதிரே இருப்பவர் நிமிஷக்கணக்கா ஆடாம அசையாம உட்காரணும். முதலில் உட்கார்ந்தவர் உள்ளூர் விவசாயி ஒருத்தர், மணிக்கு அரை கிரவுன் கூலி. பல மணி நேரம் போராடிக் கிடைச்ச அந்தப் படத்தை, ஈரத்தோட கை பட்டு அம்மணியே அழிச்சுட்டார்! விடலையே. 1864 ஜனவரியில் ஆனிங்கற சிறுமியை எடுத்ததைத்தான் தன் முதல் வெற்றின்னு எழுதி வெச்சார்.

அப்புறம் கண்ணில் பட்டவங்க யாரும் தப்பலை. வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் மாதா ஆனார். தங்கச்சி மகள் ஜூலியா ஜாக்சன் (வர்ஜீனியா வுல்ஃபோட அம்மா), பக்கத்து வீட்டுக் கவிஞர் டென்னிசன், எல்லாரும் வந்து உட்கார்ந்தாங்க. 1867-ல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலோட வீட்டுக்கே போய், தலைமுடியைக் கழுவிக் கலைச்சுவிட்டு எடுத்தாராம். ஃபோகஸ் சரியில்லைன்னு விமர்சகர்கள் கிண்டல் பண்ணாங்க. கண்ணுக்கு அழகாத் தெரிஞ்ச இடத்தில் லென்ஸை நிறுத்தினேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இதுவரைக்கும் கைதட்டலாம். அடுத்ததுதான் எனக்கு உறுத்துது.

கணவருக்கு இலங்கையில் காபித் தோட்டங்கள். 1875-ல் குடும்பம் அங்கே போச்சு. அங்கேயும் உள்ளூர் மக்களைப் படம் எடுத்தார். 1878-ல் எடுத்த ஒண்ணுக்குத் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்', அவ்வளவுதான். ஹெர்ஷலுக்குப் பேர் இருக்கு, ஆனிக்கும் இருக்கு. இவங்களுக்கு இல்லை. தோட்ட முதலாளி வீட்டம்மா நில்லுன்னா, மாட்டேன்னு சொல்ல அவங்களால முடிஞ்சிருக்குமா?

1879-ல் இலங்கையிலேயே இறந்தார். கல்லறை மலையகத்தில், பொகவந்தலாவை தேவாலயத்தில். சுத்திலும் நம்ம தமிழ்த் தொழிலாளர்கள் உழைச்ச மண்.

போட்டோ எடுக்கறவனுக்குத் தைரியம் வேணும், சந்தேகமே இல்லை. அதை அந்தம்மாகிட்ட கத்துக்கலாம். ஆனா எதிரே நிக்கறவருக்கும் "வேண்டாம்"னு சொல்ற தைரியம் இருக்கணும். அதுக்கு நாமதான் இடம் கொடுக்கணும். நான் இப்போ வெச்சிருக்கிற கணக்கு இதுதான்: முதல்ல பேரைக் கேளு, அப்புறம் சம்மதத்தைக் கேளு, கேமராவை அதுக்கப்புறம் எடு.