துருவத்தின் வெம்மையும் காதங்கியின் வானமும்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் ஒரு சுங்கச்சாவடியின் பெயராகவே காதங்கியைப் பலர் அறிவர். 1990களின் தொடக்கத்தில் அவ்வூரில், 1,024 யாகி அலைவாங்கிகளை 130 மீட்டர் சதுரப் பரப்பில் நிறுத்தி ஒரு ரேடார் எழுப்பப்பட்டது. பின்னர் லிடார் கருவியும் சேர்ந்தது. 2005இல் அந்நிறுவனம் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் என்னும் பெயரைப் பெற்றது. வெப்பமண்டல வானை அளக்க வந்த இக்கூடத்தில் துருவ வெப்பம் ஏன் ஆராயப்பட்டது என்ற வினாவே இப்பதிவின் தொடக்கம்.

1952ஆம் ஆண்டுக் குளிர்காலத்தின் இறுதியில், பெர்லினில் பலூன்களைப் பறக்கவிட்ட ரிச்சர்டு ஷெர்ஹாக், அடுக்குமண்டலம் சில நாள்களிலேயே பெருமளவு வெம்மையுறுவதைக் கண்டார். காரணம் சூரியனில் நிகழ்ந்த வெடிப்பாக இருக்கலாம் என்ற ஐயமும் அப்போது எழுந்தது. விடை கீழேயே இருந்தது. மலைத்தொடர்களும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் எழுப்பும் கோளளாவிய அலைகள் மேலேறி, துருவத்தைச் சுற்றி வீசும் மேலைக்காற்றின் வேகத்தைக் குலைக்கின்றன. சுழல் தளரவே காற்று கீழிறங்கி, அமுக்கமுற்று, சூடாகிறது. இதை 1971இல் கோட்பாடாக நிறுவியவர் ஜப்பானிய அறிஞர் டாரோ மட்சுனோ.

துருவத்தில் காற்று இறங்கினால் வேறோரிடத்தில் ஏறியாக வேண்டும். அந்த இடம் வெப்பமண்டலம். 2009 ஜனவரியில் ஆர்க்டிக் அடுக்குமண்டலம் சில நாள்களில் 50 பாகைக்கு மேல் சூடேறியபோது, வெப்பமண்டல அடுக்குமண்டலம் குளிர்ந்தது. துருவ நிகழ்வின் மறுபாதியை அளக்கக் காதங்கி ஏற்ற இடமாக அமைந்தது இதனாலேயே. துருவ அறிவியலின் வரலாற்றைப் பனிச்சறுக்கு வண்டிகளையும் கொடி நாட்டல்களையும் கொண்டே எழுதும் மரபு இப்பாதியைக் காணத் தவறிவிட்டது என்பது என் கருத்து.

மேலே கூறியது வானின் உயரத்தில் நிகழ்வது. நிலப்பரப்பில் நிகழும் வெப்ப அலை வேறு வகை. செய்தித்தாள்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன. 2022 மார்ச் 18 அன்று, கிழக்கு அண்டார்டிக்காவில் 3,200 மீட்டருக்கும் மேல் உயரமுள்ள டோம் சி பகுதியில் வெப்பநிலை இயல்பைவிட ஏறத்தாழ 39 பாகை உயர்ந்தது. அப்போதும் அது உறைநிலைக்குக் கீழேதான் இருந்தது. (சித்தூர் வெயிலில் அமர்ந்து இதை ‘வெப்ப அலை’ என்று எழுதும்போது சொல் சற்றே கூசுகிறது.) தென் இந்தியப் பெருங்கடலில் அடுத்தடுத்துத் தோன்றிய புயல்கள் வளியோட்டத்தில் அலைகளை எழுப்பின. கண்டத்தின் ஓரத்தில் ஓர் உயரழுத்தம் அசையாது நின்றது. அதன் விளிம்பில், ‘வளிமண்டல ஆறு’ எனப்படும் ஈரக்காற்று உட்புகுந்தது. நீராவியும் முகிலும் வெப்பத்தை வெளியேறவிடாமல் தரைக்கே திருப்பியனுப்பின. பனித்தரையை ஒட்டிக் கிடந்த கடுங்குளிர் அடுக்கு கலைந்தது.

புவி வெப்பமாதலே இதற்குக் காரணமா என மாணவர் கேட்கின்றனர். அந்த 39 பாகையில் அதன் நேரடிப் பங்கு சுமார் 2 பாகையே என ஆய்வுகள் மதிப்பிட்டன. அது சிறிதென்று எண்ணிவிடலாகாது: இதே வளியோட்டம் இன்னும் வெம்மையான உலகில் வந்தால் விளைவு மேலும் கடுமையாகும். அந்நாள்களில் கரையோரத்தில் காங்கர் பனித்தட்டு சிதைந்தது. உள்நாட்டிலோ பனிப்பொழிவால் பனிப்படலத்தின் நிறை கூடியது. ஒரே நிகழ்வு இரு பக்கக் கணக்கிலும் ஏறியது.

வரலாற்று மாணவனாகிய என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. எட்டு இலட்சம் ஆண்டுகளின் காலநிலையை நாம் வாசிக்கும் பனித்தூண் அகழப்பட்டது அதே டோம் சியில்தான். வெம்மையான நாளில் விழும் பனியின் ஐசோடோப்பு விகிதம் மாறுபடும். சில நாள்களில் குவிந்த அப்பனி, வெம்மையானதோர் ஆண்டின் சாயலோடு அடுக்கில் பதியக்கூடும். பழைய அடுக்குகளிலும் இத்தகைய நாள்கள் எத்தனை புதைந்துள்ளன என்பதை அத்தூணை மட்டும் கொண்டு பிரித்தறிதல் எளிதன்று.