வெறிநோயை வென்ற வாய்க்கூடை

நாயை நன்றிக்கு இலக்கணமாகக் கூறுவது நம்மவர் வழக்கம். அந்த நாயே வெறிகொண்டுவிட்டால் வளர்த்தவனையும் கடிக்கும். கடியுண்டவன் நோய் முற்றியபின் தாகத்தால் தவித்தும் தண்ணீரைக் கண்டு அஞ்சுவான். நோய்க்குறி தோன்றிய பிறகு அவனைப் பிழைப்பிப்பது இன்றும் அரிதினும் அரிது. இத்தகைய கொடிய நோயைச் சட்டத்தின் துணைகொண்டு ஒழித்த வரலாறு பிரிட்டனுக்கு உண்டு.

1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர், வெறிநாய் கடித்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்குத் தாம் கண்ட தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான், உலகம் வியந்தது. எனினும், அம்மருந்து கடியுண்ட மனிதரைக் காத்ததேயன்றி, நாய்க்கு நாய் நோய் தாவுவதைத் தடுக்கவில்லை. நோயின் ஊற்றை அடைப்பது எவ்வாறு என்பதே பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முன் நின்ற வினா.

அதற்கு விடை நோயின் இயல்பிலேயே இருந்தது. வெறிநோயின் நஞ்சு நாயின் உமிழ்நீரில் தங்கிக் கடியின் வழியே பரவுகிறது. வெறிகொண்ட நாயோ சில நாட்களில் தானே மாண்டுபோகும். அதற்குள் அது பிறவற்றைக் கடியாதபடி செய்துவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும். இதன்பொருட்டு, போரடிக்கும் மாட்டுக்குக் கட்டுவதுபோல, பொது இடங்களுக்கு வரும் நாய்க்கும் வாய்க்கூடை பூட்டவேண்டும் என்ற ஆணை பிறந்தது. உரியவரின்றித் திரிந்த நாய்கள் பிடிக்கப்பட்டன.

தொடக்கத்தில் ஆணை எங்கும் ஒரே சீராக இல்லை. ஓர் ஊரில் வாய்க்கூடை கட்டாயம்; அடுத்த ஊரில் அது இல்லை. நாய்க்கு ஊரெல்லை தெரியுமா? 1889இல் கடுமை காட்டியபோது நோய் குறைந்தது. 1892இல் பிடி தளர்ந்ததும் மீண்டும் பெருகியது. 1895இல் மட்டும் 600க்கும் மேற்பட்ட நாய்கள் வெறிநோய்க்கு ஆளாயின. அவ்வாண்டு வேளாண்மை வாரியத்தின் தலைவராகப் பதவியேற்ற வால்டர் லாங், 1897இல் பரந்த பகுதிகளுக்கு வாய்க்கூடை ஆணையை விரித்தார். வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களைத் தனித்து வைத்துக் கண்காணிக்கும் முறையும் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. அக்காவற்காலம் பின்னர் 6 மாதமாயிற்று.

நாய் வளர்ப்போர் பலர் சினந்தெழுந்தனர். வாயில்லாச் சீவனின் வாயைக் கட்டுவது கொடுமை என்றனர். வேட்டைநாய்க் கூட்டங்களுக்கு ஆணையிலிருந்து விலக்கு இருந்ததால், ஏழையின் நாய்க்கு ஒரு நீதி, செல்வரின் நாய்க்கு ஒரு நீதியா என்ற கேள்வியும் எழுந்தது. அக்கேள்வியில் நியாயம் இல்லாமற்போகவில்லை. எனினும் லாங் பின்வாங்கவில்லை. நோயின் கிருமி இன்னதென்று கண்டறியப்படாத அக்காலத்திலேயே, 1902இல் வெறிநோய் பிரிட்டனைவிட்டு அகன்றது.

ஆனால் 1918இல் அது திரும்பி வந்தது. முதல் உலகப் போரின் இறுதியில், காவற்காலத்துக்கு உட்படுத்தாமல் மறைத்துக் கொண்டுவரப்பட்ட நாயே அதற்குக் காரணம் என்பர். நாயைப் பிரிய மனமில்லாத அன்பு, நாடு 16 ஆண்டுகள் காத்துவந்த நலத்தைக் குலைத்தது. 300க்கும் மேற்பட்ட விலங்குகளைப் பற்றிய பின்னரே, 1922இல் நோய் மீண்டும் ஒழிந்தது.

மலாயாவில் 1952இல் வெறிநோய் பரவியபோது வாய்க்கூடையைவிடச் சிறந்த கருவி கைக்கு வந்திருந்தது. நாய்களுக்குத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது, உரிமையாளர் இல்லாத நாய்கள் அகற்றப்பட்டன, நோய் அடங்கியது. சிங்கப்பூரும் 1953க்குப் பின் அந்நோயிலிருந்து விடுபட்டது. ஆயினும் 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் தோன்றிப் பல உயிர்களைக் கொள்ளைகொண்டது.

ஒரு வட்டாரத்தின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கேனும் தடுப்பூசி போட்டால் நோய் பரவ வழியற்றுப்போகும் என்பது அறிஞர் கணிப்பு. அவ்வளவை எட்டுவது ஒவ்வொரு வீட்டுக்காரரின் கையிலும் இருக்கிறது. லைசென்சு எடுத்தல், காலந்தவறாது ஊசி போடுதல், தெருவில் திரியவிடாமை, வேண்டாத குட்டிகளைச் சந்தையோரத்தில் விட்டுவிடாமை ஆகியவை நாய் வளர்ப்போரின் கடமைகள். இவற்றில் தவறுபவர் தம் வீட்டாரை மட்டுமன்றி, அண்டை வீட்டுக் குழந்தையையும் ஆபத்துக்கு உள்ளாக்குகிறார்.