உளவியற் பட்டக்கல்வியும் வாவிக்கரை மாந்தரும்

பல்கலைக்கழகம் ஒன்றின் பாடவிதானத்தை வெறும் பாடப்பட்டியலாகக் கொள்ளுதல் பொருந்தாது. மாணவன் பட்டம் பெறுமுன் எவற்றைக் கட்டாயமாகக் கற்றல் வேண்டும் என விதிக்கும்போதே, அத்துறை யாது, அது யாருக்குப் பயன்படவேண்டும் என்னும் வினாக்களுக்கு ஒரு சமுதாயம் விடை கூறிவிடுகின்றது. உளவியலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உளவியல் மெய்யியலின் ஒரு கூறாகவே பயிலப்பட்டது. 1879 இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்லெம் வூண்ட் ஆய்வுகூடம் ஒன்றை நிறுவினார். அதன் பின்னர், புலனுணர்வையும் எதிர்வினை நேரத்தையும் அளந்தறிதல் உளவியல் மாணவனின் கடமையாயிற்று. அமெரிக்காவில் இக்கல்வி பெருகியபோது கல்லூரிக்கொரு முறையாகப் பாடங்கள் விதிக்கப்பட்டன. இந்நிலையைச் சீர்செய்யக் கருதி, 1951 இல் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் அறிஞர் குழு ஒன்று கூடி ஆராய்ந்தது. முதலில் அறிமுகப் பாடம், நடுவே புள்ளிவிபரவியல் உள்ளிட்ட அடிப்படைப் பாடங்கள், முடிவில் அனைத்தையும் இணைத்துநோக்கும் பாடம் என்னும் ஒழுங்கை 1952 இல் வெளிவந்த அதன் அறிக்கை வற்புறுத்தியது. இன்று பல நாடுகளில் வழங்கும் பாடவிதானங்களில் இவ்வமைப்பின் சாயலைக் காணலாம்.

இந்திய நிலையை நோக்குவோமாயின், கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916 இல் உளவியலுக்கெனத் தனித்துறை கண்டது. ஹார்வார்டிற் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா அதன் தலைவரானார். அங்கு கற்பித்த கிரீந்திரசேகர் போஸ் ஒரு மருத்துவர். 1922 இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவியவர். இவர்வழி, அளவைக் கருவிகளுக்கு அருகே நோயாளியின் துயருரையும் கற்கைப்பொருளாயிற்று. மைசூரில் 1924 இலும் சென்னையில் 1943 இலும் உளவியல் துறைகள் தோன்றின.

இலங்கையின் கதை வேறானது. 1921 இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ்செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகிய பின்னரும், உளவியல் நெடுங்காலம் மெய்யியலின் நிழலிலும் ஆசிரியர் பயிற்சியின் ஓரத்திலுமே வாழ்ந்தது. தாய்மொழிமூலக் கல்வி பல்கலைக்கழகங்களுக்குட் புகுந்தபோது கலைச்சொற் பிரச்சினை முன்னெழுந்தது. இதற்கு வழிகாட்டியோருள் ஒருவர் மட்டக்களப்புப் பிரதேசத்துக் காரைதீவில் 1892 இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் என்பது மனங்கொளத்தக்கது. 1936 இல் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கிய அவரே, 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

அவர் பிறந்த பிரதேசத்துக்கு உயர்கல்வி நிறுவனம் பிந்தியே கிட்டியது. 1981 ஆகஸ்ட் 1 இல் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. விஞ்ஞானமும் விவசாயமும் அங்கு முதலிற் கற்பிக்கப்பட்டன. கலைத்துறை பின்னரே சேர்ந்தது.

ஆயினும் மனத்துயரைப் பற்றிய பாடத்தை இம்மண் பாடவிதானத்துக்காகக் காத்திராமலே கற்றது. 1978 நவம்பர் 23 இற் சூறாவளி வாவிக்கரை ஊர்களைச் சிதைத்தது. 1990 இல் ஆயிரக்கணக்கான மக்கள் வந்தாறுமூலை வளாகத்திலேயே தஞ்சமடைந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 5 இல் இராணுவத்தினர் அங்கிருந்து கொண்டுசென்ற 158 பேர் மீளவில்லை. 2004 டிசெம்பர் 26 இற் கடற்கோள், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியை அழித்தது.

இத்துயரை மக்கள் தாங்கிய வழிகள் சில குறிப்பிடத்தக்கவை. காணாமற்போனோரின் தாய்மாரும் மனைவியரும் அம்மன் கோயில்களிற் தெய்வமேறி வாக்குச் சொல்வோரை நாடினர். தொண்ணூறுகளில் இதனை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், வெளியே பேசமுடியாத துயருக்கு அங்கு குரல் கிடைத்ததை எடுத்துக்காட்டினார். 1996 இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரிற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒருங்கே கூடி ஓவியமும் கதையும் விளையாட்டுமாய் மனந்தேறினர்.

இவற்றால் அளவையியலும் புள்ளிவிபரவியலும் வேண்டா என்பது பெறப்படாது. எத்தனை பேர் வருந்துகின்றனர், அளிக்கும் உதவி உண்மையிற் பயன் தருகின்றதா என்பவற்றை எண்ணாமல் அறிதல் இயலாது. ஆனால் எண்ணுமுன் கேட்கத் தெரிதல் வேண்டும். கிராமத்துத் தாய் ஒருத்தி தனக்கு மனச்சோர்வு என்று கூறமாட்டாள். ‘ஒரே யோசினையாக் கிடக்கு, நெஞ்சு அடைக்குது’ என்பாள். ‘யோசனை’ என்பதைச் சிந்தனை என்று மட்டும் பொருள்கொள்ளும் வினாக்கொத்து அவளை நலமுடையவளாகவே கணக்கிட்டுவிடும். வேற்றுமொழியிலிருந்து பெயர்த்த கருவி பிழைபடுவது இவ்விடத்திலேயாகும்.

லைப்சிக் ஆய்வுகூடத்தையும் கல்கத்தா நோயாளியின் உரையையும் கட்டாயமாக்கிக்கொண்டன. வாவிக்கரையில் எழும் உளவியற் பட்டக்கல்வி இவ்விரண்டையும் ஏற்று, மூன்றாவதொன்றையும் விதித்தல் தகும். ஊருக்குட் சென்று, மக்கள் மொழியில், அவர்தம் சொற்களைப் பொறுமையோடு கேட்டுப் பதிவுசெய்யும் பயிற்சியே அது. விருப்பப் பாடமாக அன்றி, அஃதின்றிப் பட்டம் இல்லை என்னும் அளவுக்கு அது கட்டாயமாதல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தால் அறிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவரைப் பெற்ற பிரதேசம் இது. தமிழில் வெளிப்படும் துயரை அறிவுக்குக் கொண்டுசெல்லும் பணி அதன் அடுத்த தலைமுறைக்கு உரியதாகும்.