பதினைந்தாவது அம்சம்

1918 ஜனவரி 8 அன்று, முதல் உலகப்போர் முடியுமுன்பே, அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் நிலையான சமாதானத்துக்கான 14 அம்சங்களை அறிவித்தார். இரகசிய ஒப்பந்தங்கள் கூடாது, ஆயுதங்களைக் குறைக்க வேண்டும், நாடுகளுக்குப் பொதுச்சங்கம் வேண்டும். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த வரலாறு இதோடு முடிந்துவிடும். காட்டூரில் கூடியிருக்கும் நமக்கு வேறொரு கேள்வி இருக்கிறது: அந்தச் சமாதானம் யாருக்கும் யாருக்கும் இடையில்?

வில்சனுக்குச் சென்னையிலிருந்து முன்பே ஒரு கடிதம் போயிருந்தது. ஹோம் ரூல் இயக்கத்தின் சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர் 1917 ஜூனில் எழுதியது. தன்னாட்சிக்கு வாக்களித்தால் போர்முனைக்கு இலட்சக்கணக்கில் இந்தியர் வருவார்கள் என்றார். (கண்டனம் எழுந்ததும் பட்டத்தையே துறந்தார், அந்த நெஞ்சுரத்தை நாம் மறுக்கவில்லை.) அதே ஆண்டு டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது ஆதிதிராவிடர் அமைப்புகள் வைத்த முறையீடு நேரெதிரானது: அதிகாரம் சாதி இந்துக்களின் கைக்குப் போனால் எங்கள் கதி என்ன? இதைத் துரோகம் என்பவர்கள் இன்றும் உண்டு. சுயநிர்ணயத்தில் அந்தச் 'சுயம்' யார் என்று முதலில் கேட்டவர்கள் இவர்கள் என்றே நாம் வாசிக்கிறோம்.

வில்சனின் சொந்த ஆட்சியில், 1913 முதல், வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்கள் பிரித்து உட்காரவைக்கப்பட்டனர்; உணவறை, கழிப்பறை கூடத் தனி. இரட்டைக்குவளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கறுப்பினப் பத்திரிகையாளர் வில்லியம் மன்றோ டிராட்டர், நிறவேற்றுமை ஒழிப்பைப் பதினைந்தாவது அம்சமாகச் சேர்க்கக் கோரினார். கடவுச்சீட்டு மறுக்கப்படவே, கப்பலில் சமையற்காரராக வேலைசெய்து பாரிஸ் போய்ச் சேர்ந்தார். வில்சன் அவரைச் சந்திக்கவில்லை.

1919 ஏப்ரல் 11 அன்று ஜப்பானும் சமத்துவத்தைச் சர்வதேச சங்கத்தின் சாசனத்தில் எழுதக் கேட்டது. வந்திருந்த 17 பேரில் 11 பேர் ஆதரித்தனர். தலைமை வகித்த வில்சன், ஒருமனதான முடிவில்லை என்று தள்ளிவிட்டார். பெரும்பான்மையும் தோற்கும் என்பதைச் சமத்துவம் பேசுபவர்கள் அன்று கண்டார்கள். ஜூனில் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும்.

அடுத்த போரும் வந்தது. அதன்பின் ஐக்கிய நாடுகள் சபையும் வந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தார் அங்கே மனு கொடுத்ததை அறிந்த அம்பேத்கர், 1946இல் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி அதன் பிரதிகளைக் கேட்டார். தீண்டப்படாதோரும் அவ்வழியே போக எண்ணுவதாகச் சொன்னார். 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடியபோது, சாதி வேறு, இனம் வேறு, அது எங்கள் உள்விவகாரம் என்று அங்கே வாதாடியது இந்திய அரசு.