கொல்லைத் தவளைகளும் கண்டாச்சிபுரமும்

விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பாறைக் குன்றுகள் நிறைந்த வறண்ட நிலத்தில் கண்டாச்சிபுரம் அமைந்துள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியிலும் கிணற்றிலும் தேக்கியே இந்த வட்டாரத்தில் வெள்ளாமை நடந்தது. தவளைகளும் அந்தத் தண்ணீரை நம்பியே வாழ்ந்தன.

அன்றைய கொல்லை தவளைக்கென்று அமைக்கப்பட்டதல்ல. ஆனால் தவளைக்கு வேண்டியதெல்லாம் அங்கே இருந்தது. துவைகல்லில் வழிந்த தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடியது. எருக்குழியில் பூச்சி மொய்த்தது. விறகடுக்கின் அடி ஈரத்தில் தேரை பகலைக் கழித்தது. மரத்தவளை தொட்டிச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நுரைக்கூடு கட்டி முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவந்த தலைப்பிரட்டைகள், நுரை கரைந்ததும் கீழே உள்ள தண்ணீரில் விழும்.

தவளைக்கு முதல் பேரிடி வணிகமாக வந்தது. தவளைக்கால் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. 1980களின் தொடக்கத்தில் அது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டன்னை எட்டியது. மழை இரவுகளில் இணை தேடிக் கத்திய தவளைகளை விளக்கொளியில் பிடித்து, பின்னங்கால்களை மட்டும் வெட்டி எடுத்தனர். காளைத்தவளையும் பச்சைக் குளத்தவளையும் மிகுதியாகப் பலியாயின. வயல் பூச்சிகளையும் நண்டுகளையும் தின்னும் உயிரை விற்றுவிட்டுப் பூச்சிமருந்து வாங்குவது நட்டமே என்று இயற்கை ஆர்வலர்கள் எடுத்துரைத்தனர். 1985இல் இவ்விரு இனங்களும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது.

தடையால் வேட்டை குறைந்தாலும் வாழிடம் திரும்பவில்லை. பசுமைப் புரட்சியோடு பரவிய பூச்சிமருந்துகள், தோல் வழியாக நீரையும் காற்றையும் ஏற்கும் தவளையின் உடலில் எளிதில் ஏறின. ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதால் திறந்த கிணறுகள் வற்றின. கொல்லைகளில் சிமெண்டுத் தளம் வந்தது. கொசு ஒழிப்புக்காக நீர்நிலைகளில் விடப்படும் கம்பூசியா மீன், தலைப்பிரட்டைகளையும் தின்கிறது.

பழைய கொல்லையின் இயல்புகளை மீட்டால் தவளைகள் தாமாகவே வரும். வேறிடத்திலிருந்து பிடித்து வந்து விட்டால் நோயும் உடன் வரக்கூடும். ஒரு மூலையில் மண்தரையையும் சருகையும் விட்டுவைக்க வேண்டும். நிழலான இடத்தில் ஆழமில்லாத குழி வெட்டி, ஏறி வரச் சரிவான கரை அமைக்க வேண்டும்; அதில் மீன் விடக் கூடாது. கொசுப்புழு தென்பட்டால் வலையால் அள்ளிவிடலாம், மருந்து தெளிக்கக் கூடாது. செங்குத்தான சிமெண்டுத் தொட்டிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால், உள்ளே விழுந்த தேரை மூழ்கிச் சாகாமல் வெளியேறும்.