வியர்வைக் குளியல்: பாக்தாதின் தனியறை முதல் வீட்டுக் கூடாரம் வரை

எம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை, சென்ற மாதம் அஸ்ருத் தொழுகைக்குப் பின் என்னருகே அமர்ந்தார். "ஹஜ்ரத், உம்மாவுக்கு மூட்டுவலி. நீராவிக் குளியல் எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். வெளியில் நடக்கும் நிலையங்களுக்கு உம்மா வர மாட்டேன் என்கிறார். வீட்டிலேயே சிறிய சானா ஒன்று வாங்கி வைக்கலாமா? மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா?" என்று வினவினார்.

தடை ஏதுமில்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஆயினும் அந்தத் தாயின் தயக்கம் என்னைப் பழைய நூல்களின் பக்கம் திருப்பியது. அவர் தயங்கியது வெப்பத்திற்காக அன்று, பிறர் பார்வைக்காக. ஹம்மாம் எனும் பொதுக் குளியலகத்தின் வரலாறு நெடுகிலும் நம் உலமாக்களை வருத்திய கேள்வியும் இதுவேயாம்.

ஹம்மாம் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு அன்று. தரையின் அடியில் தீயின் வெப்பத்தைச் செலுத்திக் குளியல் அறையைச் சூடாக்கும் முறை ரோமர்களுடையது. ஷாம் நாட்டை ஆண்ட உமையாக்கள் அதனை ஏற்றுத் தம் மாளிகைகளில் அமைத்தனர். ஜோர்தான் பாலைவனத்தில் உள்ள குஸைர் அம்ரா அதற்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. நாளடைவில் பள்ளிவாசலும் சந்தையும் உள்ள ஊரில் ஹம்மாமும் இருந்தேயாக வேண்டும் என்னும் நிலை உருவாயிற்று. குளிப்புக் கடமையான ஏழைக்கும், குளிர்காலத்தில் வெந்நீர் எளிதாகக் கிடைத்த இடம் அது.

இடுப்புத் துணியின்றி ஆண்கள் ஹம்மாமுக்குள் நுழையலாகாது என்னும் கருத்தில் ஹதீஸ்கள் வந்துள்ளன. பெண்கள் செல்வது குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடைமுறையில் பல நகரங்கள் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கின. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் தூய்மை பற்றிய பகுதியில் ஹம்மாமின் ஒழுக்கங்களை விரித்துரைக்கிறார். அவ்ரத்தை மறைத்தல், பிறர் அவ்ரத்தைப் பாராதிருத்தல், நீரை வீணாக்காமை ஆகியவற்றோடு, கூலியை உள்ளே செல்லுமுன் கொடுத்துவிட வேண்டும் என்றும் கூறுகிறார். குளிப்பவர் எவ்வளவு நீர் செலவிடுவார் என்பது முன்கூட்டித் தெரியாது; கூலியாவது தெரிந்திருந்தால் குளியலகக்காரரின் மனம் அமைதி பெறும் என்பது காரணம். வணிக நுணுக்கம் அறிந்த இமாம்! அங்குள்ள வெப்பம் நரகத்தின் வெப்பத்தை நினைவூட்ட வேண்டும் என்பதும் அவர் அறிவுரை. பிற்காலத் துருக்கியர் ஹம்மாமின் தரைக்கடியில் அனல் பரவும் வெளிக்கு 'ஜஹன்னம்லிக்' என்றே பெயரிட்டிருந்தனர்.

சட்டம் நூலில் இருந்தது, ஊரில் இருந்ததா? இப்னு பதூதா 1326இல் எகிப்தின் மின்யா நகரில் ஒரு ஹம்மாமுக்குள் சென்றபோது, ஆண்கள் துணியின்றிக் குளிப்பதைக் கண்டார். அவருக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான். பேசாமல் வெளியேறிப் போயிருக்கலாம். அவரோ ஆளுநரிடம் சென்று முறையிட்டார். ஆளுநர் அவரை ஊரைவிட்டுப் போக வேண்டாம் என்று நிறுத்திவைத்து, குளியலகக் குத்தகைதாரர்களை அழைத்து வரச்செய்து, இனித் துணியின்றி எவரையும் அனுமதித்தால் தண்டனைக்கு உள்ளாவோம் என எழுதி வாங்கினார்.

மறு ஆண்டு பாக்தாதில் அவர் கண்ட காட்சியோ முற்றிலும் வேறு. அங்குள்ள ஹம்மாம்களில் பல தனியறைகள் இருந்தன. தரையிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் கறுப்பு நிலக்கீல், மேற்பாதியில் வெண்சுதை. ஒவ்வோர் அறையிலும் பளிங்குத் தொட்டி. அதில் வெந்நீருக்கு ஒரு குழாய், தண்ணீருக்கு ஒரு குழாய். ஒருவர் விரும்பினாலன்றி இன்னொருவர் அவ்வறைக்குள் நுழைய முடியாது. உள்ளே செல்ல ஒரு துண்டு, வெளியே வர ஒரு துண்டு, உடல் துடைக்க ஒரு துண்டு என ஆளுக்கு மூன்று. இத்தகைய ஏற்பாட்டை வேறெங்கும் கண்டதில்லை என்று வியக்கிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தனிமறைவுக் குளியலை ஒரு நகரம் பொதுவில் வழங்கியிருக்கிறது. எனக்கு அந்த மூன்று துண்டுகள்தாம் பெரிதாகப் படுகின்றன.

தனியறையினும் சிறியதொரு மறைவைப் பின்னாளில் அமைத்தவர் நம் நாட்டவர். 1759இல் பாட்னாவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த தீன் முஹம்மது, அயர்லாந்து வழியாக இங்கிலாந்து சென்று, பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலகம் நடத்தினார். மூலிகை நீராவியில் வியர்த்தவரை ஃபிளானல் துணிக் கூடாரம் ஒன்றினுள் இருத்துவர். கூடாரத்தின் பக்கங்களில் சட்டைக் கைகள் போன்ற திறப்புகள். பிடித்துவிடுபவர் வெளியே நின்று, தம் கைகளை மட்டும் அவற்றினுள் நுழைத்து உடலை அழுத்திவிடுவார். 'ஷாம்பு' என்ற சொல்லே இந்துஸ்தானியில் அழுத்துதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்படி ஆங்கிலத்தில் புகுந்ததுதான். தலைமுடிக்கு அது பின்னரே வந்தது. பெண்கள் பகுதியை அவர் மனைவி ஜேன் கவனித்தார். இரண்டு மன்னர்கள் அவரிடம் சிகிச்சை பெற்றனர். அவர் ஆங்கிலிக்கன் சபையில் இணைந்துவிட்டவர். ஆகவே அவரை முஸ்லிம் சாதனையாளர் பட்டியலில் சேர்த்துப் பெருமை பேச எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கூடாரத்தை மறக்கவும் முடியவில்லை.

அந்தத் தந்தை கைப்பேசியில் எனக்குக் காட்டிய பொருள்களுள் ஒன்று ஏறத்தாழ அதுவே. மடக்கி வைக்கும் துணிக் கூடாரம், உள்ளே நாற்காலி, தலை வெளியே, பக்கத்தில் நீராவிப் பாத்திரம். மற்றொன்று ஃபின்லாந்து முறை மரப்பெட்டி. அது ஹம்மாமின் உறவு அன்று. அங்கு ஈரம் குறைவு, வெப்பம் 80 முதல் 90 டிகிரி வரை. ஹம்மாமிலோ வெப்பம் அதைவிட மிகக் குறைவு, ஈரம் மிகுதி. டாக்டர் சொன்னது நீராவி என்பதால், மரப்பெட்டிக்குப் பெருந்தொகை கொடுக்குமுன் அவரிடமே மீண்டும் கேட்டுவரச் சொன்னேன். இரத்த அழுத்தத்திற்கு உம்மா உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றியும் கேட்கச் சொன்னேன். உள்ளே தாழ்ப்பாள் உள்ள எதையும் வாங்க வேண்டாம் என்றேன்; மறைவு வேண்டும், ஆனால் மகளோ மருமகளோ குரல் கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும். நீராவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்காதிருக்க, சன்னல் உள்ள அறை தேவை.

அவர் இன்னும் வாங்கவில்லை. குளியலறையில் கூடாரத்திற்கு இடம் போதுமா என்று அளந்துகொண்டிருக்கிறார். உம்மா மட்டும் தமக்கென மூன்று துண்டுகளை எடுத்து வைத்துவிட்டாராம்.