பேரீச்சை நிழலும் கோதுமை வட்டமும்

பாலை நிலத்து உழவன் முதலில் கணக்கிடுவது நீரை. நிலம் அவனுக்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கிடக்கிறது. நீரோ அளந்து கொடுக்கப்பட்ட செல்வம். அச்செல்வத்தை ஒரே பயிருக்குச் செலவிடுவதா, பல பயிர்களுக்குப் பகிர்ந்தளிப்பதா என்னும் கேள்விக்கு அரபு மண் இரண்டு விடைகளைக் கண்டிருக்கிறது. முதல் விடை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இரண்டாவது நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற மண் அது. அங்கே எழுதப்பட்ட நீர்க் கணக்கை நாமும் அறிந்திருத்தல் நலம்.

ஓமான் நாட்டில் ‘ஃபலஜ்’ என்றொரு பாசன முறை உண்டு. மலையடிவாரத்தில் நிலத்தடி நீரைக் கண்டறிந்து, அங்கிருந்து மெல்லிய சரிவாகக் கால்வாய் வெட்டி, ஏற்றமும் எந்திரமும் இன்றி ஊருக்குள் கொண்டுவருவது அதன் அமைப்பு. சில கால்வாய்கள் நெடுந்தொலைவு மண்ணுக்கடியிலேயே ஓடி வருகின்றன. 2006ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றுள் ஐந்தினை உலக மரபுச் செல்வங்களின் வரிசையில் சேர்த்தது. அப்போது ஏறத்தாழ 3,000 ஃபலஜ்கள் அந்நாட்டில் பயன்பாட்டில் இருந்தன.

இம்முறையின் சிறப்பு, அது நீரைப் பங்கிட்ட ஒழுங்கிலே இருக்கிறது. கால்வாய் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிநீர் எடுக்கப்படும். பின்னர் பள்ளிவாசலுக்கும் குளிப்பிடங்களுக்கும் செல்லும். அதன் பின்னரே தோட்டங்களை அடையும். தோட்டக்காரரின் பங்கு நேரத்தால் அளக்கப்பட்டது. பகலில் நிழற்கடிகையும், இரவில் விண்மீன்களின் நகர்வும் அந்நேரத்தைக் காட்டின. கால்வாயைப் பழுதுபார்ப்பதற்கென்றே சில நீர்ப் பங்குகள் வக்பாக ஒதுக்கப்பட்டிருந்தன.

அந்நீர் பாய்ந்த தோட்டம் மூன்று அடுக்குகள் கொண்டது. மேலடுக்கில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளை, எலுமிச்சை, அத்தி, திராட்சை, தரையில் வாற்கோதுமை, வெங்காயம், காய்கறி, கால்நடைக்கான பசுந்தீவனம். ஒருமுறை பாய்ந்த நீரைப் பல ஆழங்களில் உள்ள வேர்கள் பகிர்ந்து கொண்டன. பேரீச்சை ஓலை வெயிலைத் தணித்தது, காற்றைத் தடுத்தது, மண்ணின் ஈரம் விரைவில் ஆவியாகாமல் காத்தது. தோட்டங்களுக்கு அப்பால், கால்வாயின் கடைக்கோடியில், ஆண்டுப் பயிர்களுக்கான திறந்த வயல்கள் இருந்தன. மழை பொய்த்துக் கால்வாய் மெலிந்தால் அவ்வயல்களைத் தரிசாக விட்டுவிடுவார்கள். பல்லாண்டு உழைப்பில் வளர்ந்த மரங்களுக்கு மட்டும் நீர் தொடரும். நல்ல ஆண்டில் வயல் விரியும். வறண்ட ஆண்டில் சுருங்கும். பயிர்கள் பலவாக இருந்தமையால் எதைக் காப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உழவனுக்கு இருந்தது.

இனி இரண்டாவது விடையைக் காண்போம். 1973ஆம் ஆண்டில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. அதற்கு மாறாகத் தானியத்தை மறுத்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சம் சவூதி அரேபியாவில் எழுந்தது. அந்த அச்சம் நியாயமானதே. அதன் பயனாக அரசு கோதுமைக்குப் பெரும் விலையை உறுதி செய்தது. 1979இல் ஒரு டன்னுக்கு 3,500 ரியால் வழங்கியது. இது உலகச் சந்தை விலையைப் போல் பல மடங்கு. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. கிணற்றை நடுவாகக் கொண்டு சுழன்று நீர் தெளிக்கும் நீண்ட குழாய்கள், மணல்வெளியில் பசும் வட்டங்களை வரைந்தன. 1980களின் நடுப்பகுதியில் நாடு கோதுமையில் தன்னிறைவு கண்டது. 1992இல் விளைச்சல் 40 லட்சம் டன்னைத் தாண்டியது. பாலைவன நாடு கோதுமையை ஏற்றுமதி செய்தது!

ஆனால் அக்கோதுமை குடித்த நீர், மழை மிகுந்திருந்த பழங்காலத்தில் பாறை அடுக்குகளுக்குள் இறங்கித் தங்கிய நீராகும். எடுத்த அளவுக்கு அது மீண்டும் ஊறுவதில்லை. ஒரு டன் கோதுமை விளைய ஆயிரம் கன மீட்டருக்கும் மேற்பட்ட நீர் தேவை. கோதுமை கப்பலேறியபோது அந்நீரும் உடன் கப்பலேறியது எனலாம். ரியாதுக்குத் தெற்கே ‘அஃப்லாஜ்’ என்றொரு பகுதி உண்டு. ஃபலஜ் என்பதன் பன்மையே அப்பெயர். அங்கே லைலா என்னும் ஊரருகே ஊற்றுநீரால் நிறைந்திருந்த ஏரிகள், இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வற்றிப்போயின.

2008இல் அரசு தன் கோதுமைக் கொள்முதலை ஆண்டுதோறும் குறைத்து 2016இல் நிறுத்துவதென முடிவு செய்தது, அவ்வாறே நிறுத்தியது. ஆயினும் நீர் மிஞ்சவில்லை. உழவர்களில் பலர் பால் பண்ணைகளுக்கு விற்கக் குதிரை மசால் பயிரிடத் தொடங்கினர். ஆண்டு முழுவதும் வளர்ந்து பலமுறை அறுக்கப்படும் அத்தீவனம் கோதுமையைவிட மிகுதியாக நீர் குடிப்பது. எனவே 2015இன் இறுதியில் அதனையும் மூன்றாண்டுகளுக்குள் கைவிடச் செய்யும் முடிவு எடுக்கப்பட்டது. பின்னர்ச் சிறு விவசாயிகளுக்குக் கோதுமை வரம்புக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டது.

இதில் கோதுமையையோ குதிரை மசாலையோ நாம் குறை கூறுவதற்கில்லை. இவ்விரண்டும் பழைய சோலைகளிலும் சிறு பாத்திகளில் விளைந்தவையே. பழைய ஊரில் நீர்ப் பங்கு பயிரைத் தீர்மானித்தது. புதிய பண்ணையில் விலை பயிரைத் தீர்மானித்தது. எந்தப் பயிருக்கு உறுதியான விலை உண்டோ அதையே உழவன் விதைப்பான். அவனும் பிள்ளை குட்டிக்காரன் அன்றோ? ஒரே பயிருக்கு விலை கொடுத்த கை, நீரைச் சிக்கனமாகக் குடிக்கும் பல பயிர்களுக்கும் விலை கொடுத்தால்தான் நிலை மாறும். ஒன்றைத் தடுப்பதால் மட்டும் மாறாது என்பதற்குக் குதிரை மசாலே சான்று.

மாற்றுப் பயிர்களுக்குப் பஞ்சமில்லை. 1999இல் துபாயில் நிறுவப்பட்ட உவர்நில வேளாண்மைக்கான பன்னாட்டு மையம், கம்பு, சோளம், கினோவா ஆகியவற்றை உப்பு நீரிலும் வறள் மண்ணிலும் வளர்த்து ஆராய்ந்து வருகிறது. நம் கடற்கரை உப்பளங்களின் ஓரத்தில் வளரும் உமரியின் இனமும் அங்கே கடல்நீர் பாய்ச்சிப் பயிராக்கப்படுகிறது. கிழக்கே அல்-அஹ்ஸா சோலை 25 லட்சம் பேரீச்சை மரங்களுடன் 2018இல் உலக மரபுச் செல்வமாயிற்று. தானே பொங்கிய அதன் ஊற்றுகள் ஓய்ந்துவிட்டன. இன்று சுத்திகரித்த கழிவுநீரும் அம்மரங்களை வாழ்விக்கிறது.

அங்கே பேரீச்சை நடுபவன் தன் பேரனையும் எண்ணியே நடுகிறான். பாறைக்குள் இருக்கும் நீரிலும் அந்தப் பேரனுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கை அவனுக்கு விட்டுவைக்கும் பயிர் எதுவோ, அதுவே பாலைக்கு ஏற்ற பயிர்.